மூத்தாளுக்கு வைக்காத ஒயர்

கார் புதன்சந்தையைத் தாண்டி மண் பாதையில் திரும்பும்போதே அந்த வாசம் வந்துவிட்டது. கோழித் தீவனம், கருவாட்டுத் தூள், ஈரச் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த வாசம். புதுப்பெண் மூக்கைச் சுளித்தால் நன்றாக இருக்காதே என்று, வியர்வை துடைப்பதுபோல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் தனப்பிரியா.

"நாலு நாள்ல பழகிரும் தனம்," என்றான் ஜெகதீஸ்வரன், ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே. "அப்பறம் இந்த வாசம் இல்லீன்னா உனக்குத் தூக்கமே வராது பாரு."

பாதைக்கு இரண்டு பக்கமும் நீள நீளமான கொட்டகைகள். கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக முட்டைக் கோழிகள். தூரத்தில் மழை பெய்வதுபோல் ஓயாத கொக்கரிப்பு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாடி வைத்த வீடு, பச்சை கேட், வாசலில் ஆரத்தித் தட்டோடு மாமியார் காளியாத்தாள்.

தனப்பிரியா காரை விட்டு இறங்கி வலது காலைத் தரையில் வைத்தாள்.

மழை நின்றது.

அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. ஆரத்தித் தண்ணீர் தட்டில் தளும்பும் சத்தம்கூடக் கேட்டது. ஜெகதீஸ்வரன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாம்பு கீம்பு போகுமாட்ட இருக்குது," என்றான். அவள் வாசல்படி ஏறி உள்ளே போன பிறகுதான் ஒரு கோழி, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் மறுபடியும் பேச ஆரம்பித்தன.

உள்ளே காளியாத்தாள் அவளைப் பூஜை அறைக்குக் கூட்டிப்போகவில்லை. நேராகக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். சுவரில் ஒரு பெண்ணின் படம். மல்லிகைச் சரம், மேலே சின்ன மின்விளக்கு. படத்துக்குக் கீழே மணைப்பலகையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புதுச் சேலை.

"மூத்தா மைதிலி. கும்புட்டுட்டு எடுத்துக்க சாமி," என்றாள். "அவ குடுத்து நீ வாங்குனாப்பல."

வழக்கம் அதுதான். இரண்டாம் தாரமாக வந்தவள், தனக்கென்று புதிதாக எது வந்தாலும் செத்துப்போன மூத்தாள் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். சேலையாகட்டும், ஒரு முழம் பூவாகட்டும். மூத்தாள் மனசு குளிர்ந்து கொடுத்ததாகக் கணக்கு. தனப்பிரியா வாழப்பாடிக்காரி. அவளும் இதையெல்லாம் கேள்விப்பட்டவள்தான். அடுத்த வீட்டுக் கதையாகக் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

பொய் சொல்வானேன், அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது பயமில்லை, பொறாமை. மூல நட்சத்திரம் என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போய், முப்பதைத் தாண்டி, கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் பார்க்கத் தாலி வாங்கியவள் அவள். படத்தில் இருந்தவள் கழுத்தில் மாலை, நெற்றியில் சுட்டி, கன்னத்தில் குழி. முதலில் வந்தவள். எல்லாவற்றுக்கும் முதல்.

சேலையை எடுத்தபோது மெல்லத் தலைவலித் தைல வாசம் வந்தது. கடையிலிருந்து வந்த புதுச் சேலையில்.

*

சீர்ச் சாமான் எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் மட்டும் தனப்பிரியா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. சேலம் அஸ்தம்பட்டியில் முருகானந்தம் என்பவரின் ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பதுதான் அவள் வேலை. கல்யாணம் பேசும்போதே வீட்டிலிருந்து செய்வதென்றால் செய்யட்டும் என்று இந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். முருகானந்தமும் ஒன்று சொல்லியிருந்தார்.

"ஊட்டுல இருந்தே பாருங்கம்மா, எனக்கென்ன. ஆனா ஃபைலு நேரத்துக்கு வந்தரோணும். வரலீன்னா நம்ம ஸ்டுடியோப் பையன் கவினுக்குக் குடுத்துருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

கல்யாண ஃபைல் என்றால் சும்மா இல்லை. மலைபோல இருக்கும். காற்றில் வரும் வைஃபையை நம்பி அனுப்பினால் பெண்ணுக்கு வளைகாப்பே முடிந்துவிடும். மோடத்திலிருந்து ஒயர் இழுத்தாக வேண்டும்.

மோடம் இருந்தது கூடத்தில், மைதிலி படத்துக்கு நேர் கீழே. வெள்ளைப் பெட்டி. பின்னால் நாலு துளைகள். மூன்று மஞ்சள், ஒன்று நீலம். மற்ற மூன்றையும்விட நீலம் இரண்டு மடங்குக்கு மேல் வேகம். அதில் ஏற்கெனவே ஒரு சாம்பல் நிற ஒயர் செருகியிருந்தது. அது சுவரோடு ஏறி, மூலையில் குழாய்க்குள் புகுந்து, மாடிக்குப் போனது.

"என்னாங்க, இது எங்க போவுது?" என்று கேட்டாள்.

ஜெகதீஸ்வரன் முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "மைதிலி ரூமுக்கு."

"அங்கதான் யாரும் இல்லையே. நான் எடுத்துக்கறேன்."

"அது கெடக்கட்டும் தனம். மத்ததுல போட்டுக்க."

பிறகு அவனே சொன்னான். அவனுக்கும் மைதிலிக்கும் நடந்த கல்யாணத்தின் வீடியோ அவர்கள் கைக்கு வரவே இல்லையாம். எடுத்தவன் டிஸ்க் கெட்டுப்போச்சு என்று கையை விரித்துவிட்டான். மைதிலி அந்தக் கெட்ட டிஸ்கை வாங்கிவந்து, நானே மீட்டு எடுக்கிறேன் பார் என்று மாடியில் உட்கார்ந்தாளாம். வேலையைத் தானே கற்றுக்கொண்டு, தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ராப்பகலாக. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போதுகூட, "கம்ப்யூட்டர நிறுத்திராதீங்க, ஓடிட்டிருக்குது" என்றுதான் சொன்னாளாம். திரும்பி வரவில்லை.

"நெருப்புப் பிடிச்சுரும்னு கரண்ட நான்தான் புடுங்குனேன். ஒயர மட்டும் புடுங்க மனசு வரல," என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த தனப்பிரியாவுக்குப் பாவம் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது வேறு. அப்பாடா, மூத்தாளுக்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

படத்தின் மேலிருந்த விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது.

*

தன் கம்ப்யூட்டர் இருந்த கீழ் அறைக்குப் புது ஒயர் இழுத்து மஞ்சள் துளையில் போட்டாள். ஒயர் செருகும் இடத்தில் ஒரு பொட்டு விளக்கு உண்டு. அது பச்சையாக எரிந்தால் முழு வேகம். ஆரஞ்சாக எரிந்தால் பத்தில் ஒரு பங்கு.

ஆரஞ்சு எரிந்தது.

எடுத்துப் போட்டாள். ஆரஞ்சு. அடுத்த மஞ்சளில் போட்டாள். ஆரஞ்சு. மோடத்தை அணைத்துப் போட்டாள். ஆரஞ்சு.

இணையக் கம்பெனியிலிருந்து சின்னராஜ் வந்தான். வாய் ஓயாத ஆள். ஒயரின் முனையைக் கத்தரித்து, உள்ளே இருந்த எட்டு மெல்லிய கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, புதுக் கிளிப் வைத்து நசுக்கினான். "எட்டுல ஒண்ணு ஒடஞ்சாலும் இப்படித்தானுங்க்கா, நொண்டி அடிக்கும்," என்றான். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்கும் எரிந்தன. ஒயர் சுத்தம். அவனுடைய லேப்டாப்பைச் செருகினான். பச்சை. பறந்தது.

"பாத்தீங்களா! போடுங்க உங்களுத."

அவள் போட்டாள். ஆரஞ்சு.

அவன் அவள் கம்ப்யூட்டரிலேயே செருகினான். பச்சை. அவள் எடுத்துச் செருகினாள். ஆரஞ்சு. மறுபடி அவன். பச்சை. சின்னராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "உங்க கைக்கு ராசி இல்லீங்களாட்ட இருக்குதுங்க்கா! நானே போட்டுட்டுப் போறேன், நீங்க தொடாதீங்க."

அவன் வண்டி பச்சை கேட்டைத் தாண்டியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஆரஞ்சு.

குற்றம் ஒயரில் இல்லை, துளையில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சியது அவள் மட்டும்தான்.

முதல் ஃபைல் தாமதமாகப் போனது. அடுத்தது பாதியில் அறுந்தது. முருகானந்தத்தின் குரலில் 'அம்மா' குறைந்துகொண்டே வந்தது. வாசலில் அவள் இறங்கினால் கோழிகள் அடங்குவது மட்டும் மாறவில்லை. பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் கேலி பேசினார்கள். "சின்னக்கா வந்தாத்தான் இதுக்கெல்லாம் வாய் மூடுது. ஏனுங்க்கா, எங்கூட்டுக்காரரையும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

*

ஒரு நாள் உச்சி வெயில். ஜெகதீஸ்வரன் நாமக்கல்லுக்கு முட்டை லோடோடு போயிருந்தான். காளியாத்தாள் தோட்டத்தில். கெங்கவல்லிக் கல்யாணம் ஒன்று கைக்கு வந்திருந்தது. பெரிய இடம், பெரிய ஃபைல். "இதும் பிசகுச்சுன்னா அவ்வளவுதானுங்க," என்று முருகானந்தம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அனுப்பத் தொடங்கினாள். நத்தைபோல நகர்ந்தது. கூடத்துக்கு வந்து மோடத்தைப் பார்த்தாள்.

அவளுடைய துளையில் ஆரஞ்சு, மெதுவாக.

நீலத் துளையில் பச்சை. படபடவென்று. யாரோ மும்முரமாக வேலை செய்யும்போது துடிக்குமே, அப்படி.

மாடியில் யாரும் இல்லை. கரண்டே இல்லை.

பயத்துக்கு முன்னால் வந்தது கோபம். செத்தும் விடமாட்டாளா? தனப்பிரியா படியேறினாள்.

மாடிப்படி உச்சியில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. தரை குளிர்கிறதென்று வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடுவாளாம் மைதிலி. யாரும் அதை நகர்த்தியதில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

தைல வாசம் முகத்தில் அடித்தது.

மேசை. தூசி படிந்த திரை. பக்கத்தில் அந்தக் கெட்ட டிஸ்க். ஜெகதீஸ்வரன் சொன்னபடி கரண்ட் ஒயர் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தது. ஆனால் பெட்டியின் பின்னால், சாம்பல் நிற ஒயர் போய்ச் சேரும் இடத்தில், பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

நாற்காலியில் ஒரு குஷன். நடுவில் ஒரு பள்ளம்.

அவள் பார்க்கப் பார்க்கப் பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமானது.

யாரோ எழுந்துகொண்டார்கள்.

ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள், அதற்குக் கால்கூட இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிளிப் படக்கென்று உடைந்தது. விளக்கு அணைந்தது. வெறியோடு கீழே வந்து மோடத்திலிருந்தும் பிடுங்கினாள். சுவர்க் குழாயிலிருந்து உருவி உருவி முழு ஒயரையும் காலடியில் குவித்தாள்.

"முடிஞ்சுது," என்றாள் படத்தைப் பார்த்து.

மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்தாள்.

நீலத் துளை காலியாக இருந்தது.

விளக்கு பச்சையில் துடித்துக்கொண்டிருந்தது.

வெளியே கோழிச் சத்தம் இல்லை.

*

காளியாத்தாள் முருங்கைக்கீரைக் கட்டோடு உள்ளே வந்தபோது மருமகள் ஒயர் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிழவி கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ புது ஒயரு வாங்குனியே, மூத்தாளுக்கு வெச்சியா?"

"ஒயரா? ஒயருக்கு யாராச்சும் கற்பூரம் காட்டுவாங்களா அத்தை?"

"ஏன், டிராக்டருக்குக் காட்டறோம். போர் மோட்டாருக்குக் காட்டறோம். உம்பட ஒயரு மட்டும் என்ன ஒசத்தியா?" என்றாள் காளியாத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு, சேலைக்கும் பூவுக்கும் அவ ஆசப்பட்டதில்ல. இந்தப் பெட்டிமேலதான் உசுரு. அதுக்குண்டான சாமான வெக்காம எடுத்தா விடுவாளா? வெச்சு எடு. அவ குடுத்தான்னு வாங்கு. அப்பறம் உனக்கு ஒரு கொறையும் வராது."

வேறு வழி இல்லை. நாமக்கல் போயிருந்த கணவனுக்குப் போன் போட்டு, தன் சம்பளப் பணத்தை அனுப்பி, நல்ல கனமான ஒயராகப் பார்த்து வாங்கிவரச் சொன்னாள். அவன் வந்து கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டான்.

புது ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தனப்பிரியா கீழ் அறையில் நின்றாள். வழவழவென்று, பாக்கெட் பிரிக்காமல், கடை வாசத்தோடு. கட்டியிருக்கும் சேலை மூத்தாள் கொடுத்தது. தலையில் இருக்கும் பூ அவள் கொடுத்தது. புருஷனே அவள் விட்டுவைத்தது. இந்த ஒன்று, தன் வேலைக்குத் தன் காசில் வாங்கியது, இதையும் அவள் கையிலிருந்தா வாங்க வேண்டும்?

மாட்டேன்.

புது ஒயரை மெத்தைக்கு அடியில் தள்ளினாள். மைதிலியின் பழைய ஒயரை, கிளிப் உடைந்ததை, ஈரத் துணியால் துடைத்து, அழகாகச் சுருட்டி, உடைந்த முனை தெரியாமல் மல்லிகையால் மூடித் தட்டில் வைத்தாள். செத்தவளுக்கு அவளுடைய எச்சிலையே இலை போட்டுப் பரிமாறியதுபோல. மாமியாருக்கு எல்லா ஒயரும் ஒரே ஒயர்தான், என்ன தெரியப் போகிறது?

காளியாத்தாள் கற்பூரம் காட்டினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது தனப்பிரியாவின் காப்பிக்கொட்டை நிறச் சேலையின் முந்தானையில் சிந்திக் கறையானது. சுடர் நெளியாமல் நேராக நின்று எரிந்தது. அது எரிந்து முடியும்வரை ஒரு கோழிகூட முனகவில்லை.

"மைதிலி, தங்கச்சிக்குக் குடு சாமி," என்று சொல்லி, ஒயரை எடுத்து மருமகள் கையில் வைத்தாள் காளியாத்தாள். "ரெண்டு கையிலயும் வாங்கிக்க."

வாங்கினாள். ஒயர் சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ உள்ளங்கைக்குள் வைத்திருந்த சூடு.

அறைக்குள் போனதும் அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தாள். மெத்தைக்கு அடியிலிருந்து புதியதை எடுத்து, கூடத்தில் மஞ்சள் துளையில் இருந்ததைக் கழற்றிவிட்டு, இதை நீலத் துளையில் செருகினாள்.

பச்சை.

நம்ப முடியாமல் தன் கையாலேயே எடுத்து மறுபடி செருகினாள். பச்சைதான். கெங்கவல்லிக் கல்யாணத்தை அனுப்பத் தொடங்கினாள். பாதி நாள் பிடிக்கும் என்று நினைத்தது, டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

கூடத்துக்கு வந்து படத்துக்கு எதிரில் நின்றாள். "பாத்தியா?" என்றாள் மெதுவாக. "இது நீ குடுத்ததில்ல. நான் வாங்குனது."

படத்தில் கன்னக் குழி கொஞ்சம் ஆழமானதுபோல் இருந்தது. விளக்கு வெளிச்சம் அப்படி.

*

பொழுது சாயும் நேரம் முருகானந்தம் கூப்பிட்டார். குரலில் 'அம்மா' திரும்பி வந்திருந்தது.

"ஏம்மா, நான் கெங்கவல்லிக் கல்யாணத்தக் கேட்டா நீங்க உங்க ஊட்டுக்காரர் கல்யாணத்த அனுப்பிச்சிருக்கறீங்க?"

"என்னாங்க சொல்றீங்க?"

"மாப்பிள்ளை அவருதானுங்களே? அன்னைக்கு உங்களக் கூட்டிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தாரே. சேரி, தப்பாப் போயிருச்சு, உடுங்க. ஆனா என்ன கைங்கம்மா அது! நானும் இத்தன வருசமாத் தொழில்ல இருக்கறேன், இப்படி ஒரு எடிட்டிங் பாத்ததில்ல. கடைசியில பேரு போட்டிருக்குதே, மைதிலின்னு, அது யாருங்க? உங்க நாத்தனாருங்களா? இனிமே எல்லா வேலையும் அவங்களே பாக்கட்டும், சொல்லிப்போடுங்க."

போன் எப்போது அணைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அனுப்பிய ஃபைலைத் திறந்தாள்.

கெங்கவல்லி இல்லை. பெரிய மண்டபம், வாழைமரம், நாதஸ்வரம். இளவயது ஜெகதீஸ்வரன், பட்டு வேட்டியில். பக்கத்தில் கன்னக் குழியோடு மைதிலி. கெட்டுப்போன டிஸ்கில் இருந்த கல்யாணம். யாராலும் மீட்க முடியாதது. முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

முகூர்த்தம். கெட்டிமேளம். கூட்டம் அரிசி தூவுகிறது.

எல்லோருக்கும் பின்னால், கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் தூவவில்லை. தள்ளி நின்று மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காப்பிக்கொட்டை நிறச் சேலை. முந்தானையில் மஞ்சள் கறை.

தனப்பிரியா குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். கறை இன்னும் ஈரமாக இருந்தது.

அந்தக் கல்யாணம் நடந்தபோது அவள் வாழப்பாடியில் இருந்தாள். இவர்கள் யாரென்றே தெரியாது. ஆனால் திரையில் இருந்தது அவள்தான். அந்த முகத்தில் இருந்த பார்வையும் அவளுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

திரையில் மைதிலி மணவறையை விட்டு எழுந்தாள். மாலையோடு, கையில் ஒரு தட்டோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள். தட்டில் சுருட்டிய ஒரு சாம்பல் நிற ஒயர், மேலே மல்லிகை.

நீட்டினாள்.

திரையிலிருந்த தனப்பிரியா இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, திரும்பி, மண்டபத்தை விட்டு வெளியே நடந்தாள். மறுபடி வரவில்லை. அதற்கப்புறம் படம் முழுக்க மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும்தான்.

உள்ளங்கையில் ஏதோ சூடாக உறுத்தியது.

கட்டிலுக்கு அடியில் எறிந்த பழைய ஒயர் அவள் கையில் இருந்தது. உடைந்த கிளிப் தோலில் அழுந்தியிருந்தது. மூத்தாள் கொடுத்து அவள் இரண்டு கையிலும் வாங்கியது செத்தவளின் பங்கை.

கூடத்திலிருந்து காளியாத்தாள் குரல் கொடுத்தாள். தினமும் இந்த நேரத்துக்குக் கொடுக்கிற குரல்தான்.

"மைதிலி! காப்பி ஆறுது, வா சாமி."

தனப்பிரியா வாயைத் திறந்தாள். 'நான் தனம், அத்தை' என்று சொல்லத்தான் திறந்தாள். சத்தம் வரவில்லை.

பதில் மாடியிலிருந்து வந்தது.

"வாரேனுங்க அத்த."

படியில் ரப்பர் செருப்பு. சளக். சளக். சளக். அவசரமே இல்லாமல், தன் வீட்டுப் படியில் இறங்குகிறவள் இறங்குவதுபோல.

"தலவலி தேவலையா கண்ணு?" என்றாள் காளியாத்தாள்.

"வேல முடிஞ்சுதுங்க அத்த. இனி வலிக்காது."

தனப்பிரியா அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் ஓரமாக ஓடினாள். சோபாவில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. மோடம் மட்டும் கண்ணில் பட்டது. நீலத்தில் பச்சை. அவளுடைய ஒயர் இருந்த மஞ்சள் துளையில், ஒயர் இல்லாமலே, ஆரஞ்சு விளக்கு ஒன்று மெல்ல, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரின் முழங்காலை அவள் சேலை உரசியது. கிழவி ஈயை விரட்டுவதுபோல் கையை வீசிவிட்டுக் காப்பியை ஆற்றினாள்.

வாசலுக்கு வந்துவிட்டாள். எதிரே ஜெகதீஸ்வரன் பண்ணையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். வேட்டியில் தவிடு, முகத்தில் அவள் இதுவரை பார்த்தே இராத ஒரு சிரிப்பு. கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்துச் சிரித்துக்கொண்டே படியேறிப் போனான்.

தனப்பிரியா வாசல்படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். எப்போதும்போல் அந்தச் சத்தம் நிற்கும் என்று காத்திருந்தாள்.

கொட்டகைகளில் ஆயிரமாயிரம் கோழிகள். ஒன்றுகூட வாயை மூடவில்லை.